லேப்டாப்பை டிவியில் இணைக்கலாம்: கேபிள் வாங்குவது முதல் எழுத்து துலங்குவது வரை

கேபிள் வாங்கக் கிளம்புவதற்கு முன் கைபேசியில் சில படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் இரண்டு பக்கவாட்டுத் துளைகள், டிவியின் பின்புறம், டிவியின் மாடல் எண் ஒட்டியிருக்கும் இடம். கடையில் போய் “டிவிக்கு மாட்டுற கேபிள்” என்று கேட்டால் கிடைப்பது ஒன்றாகவும் வீட்டில் தேவைப்படுவது வேறொன்றாகவும் இருப்பது அடிக்கடி நடக்கிறது. சிம் லிம் ஸ்குவேரில் எந்தக் கடையிலும் அந்தப் படத்தைக் காட்டினால் பேச்சே குறைந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். டிவியில் படம் வந்தவுடன் வேலை முடிந்ததாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். தனக்கு வருவது சினிமாப் படம் என்றே டிவி எடுத்துக்கொள்ளும். ஓரத்தை வெட்டும், விளிம்பைக் கூர்மையாக்கும், நிற விவரத்தைக் குறைக்கும். வருவது கணினித் திரை என்று அதற்குச் சொல்லிவிட்டால்தான் தமிழ் முரசு மின்னிதழையோ பிள்ளையின் வீட்டுப்பாடத்தையோ சோபாவில் உட்கார்ந்தபடி கண் வலிக்காமல் படிக்கலாம். இந்தப் பாதியைத்தான் இங்கே கூடுதலாக விளக்கியிருக்கிறோம்.

வசந்தம் நிகழ்ச்சிகளையும் யூடியூபையும் மட்டும் பார்ப்பதாக இருந்தால், ஸ்மார்ட் டிவியிலேயே மீவாட்ச், யூடியூப் செயலிகளை இறக்கிக்கொள்ளலாம். லேப்டாப்பே தேவையில்லை. குடும்பப் புகைப்படங்கள், இணையப் பாடம், வீடியோ அழைப்பு, பெரிய எழுத்தில் படிப்பது என்று வரும்போதுதான் இணைப்பு பயன்படும்.

லேப்டாப்பில் இருப்பது எந்தத் துளை?

படத்தையும் ஒலியையும் ஒன்றாக அனுப்பும் எச்டிஎம்ஐ (HDMI) துளை இருந்தால் எளிது. ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில், கீழ் இரண்டு மூலைகளும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். டிவியிலும் இதே வடிவம்தான். இரு முனையும் ஒன்றுபோல் இருக்கும் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் போதும்.

மெல்லிய லேப்டாப்புகளில் நீள்வட்டமான யூஎஸ்பி-சி துளை மட்டுமே இருக்கும். இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். எல்லா யூஎஸ்பி-சி துளையும் படத்தை அனுப்பாது. சில துளைகள் சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே. துளையின் அருகே மின்னல் குறி இருந்தால் அது பெரும்பாலும் தண்டர்போல்ட், படம் போகும். டி (D) எழுத்துக்குள் பி (P) எழுத்து இருப்பதுபோன்ற குறி இருந்தாலும் படம் போகும். பேட்டரி படம் மட்டும் இருந்தால் அது சார்ஜுக்கான அடையாளம், படம் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குறியே இல்லையென்றால் லேப்டாப்பின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடி, “டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்” என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத துளைக்கு எவ்வளவு விலை உயர்ந்த கேபிள் வாங்கினாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

படம் போகும் யூஎஸ்பி-சி என்றால், ஒரு முனையில் யூஎஸ்பி-சியும் மறுமுனையில் எச்டிஎம்ஐயும் உள்ள ஒரே கேபிளை வாங்குவது நல்லது. இடையில் அடாப்டர் இல்லாததால் தளர்ந்துபோகும் இணைப்பு ஒன்று குறைகிறது. இந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. லேப்டாப்பிலிருந்து டிவிக்கு மட்டுமே படத்தைக் கொண்டுபோகும். பல துளைகள் கொண்ட ஹப் வாங்குவதானால் பெட்டியில் “4கே 60 ஹெர்ட்ஸ்” என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 4கே என்பது படத்தின் நுணுக்கம், 60 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படுவது. “4கே” என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸ்தான். யூஎஸ்பி-சியின் நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டை ஹப் தன் யூஎஸ்பி துளைகளுக்கு எடுத்துக்கொள்வதால், படத்துக்கு இரண்டு தடம்தான் மிஞ்சுகிறது. 30 ஹெர்ட்ஸில் மவுஸ் அம்புக்குறி விட்டுவிட்டு நகரும்.

2008 முதல் 2010களின் நடுப்பகுதி வரை வந்த மேக்புக்குகள் பலவற்றில் மினி டிஸ்பிளேபோர்ட் என்ற சிறு சதுரத் துளை இருக்கும். அதற்கென்றே எச்டிஎம்ஐ கேபிள் கிடைக்கிறது. மிகப் பழைய லேப்டாப்பில் மூன்று வரிசையில் 15 ஊசித்துளைகளுடன் இருப்பது விஜிஏ. அது ஒலியைக் கொண்டுபோகாது, படமும் அனலாக். அதற்கு வெறும் கேபிள் போதாது. யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும், ஒலிக்குத் தனி 3.5 மில்லிமீட்டர் வயர் கொண்ட மாற்றிக் கருவி வேண்டும்.

டிவியில் இருக்கும் யூஎஸ்பி துளையில் லேப்டாப்பை மாட்டிப் பார்க்க வேண்டாம். அது பென் டிரைவுக்கானது. அதேபோல் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. செட்டாப் பாக்ஸை அதில் மாட்டி லேப்டாப் திரையில் பார்க்க முடியாது.

கேபிளின் நீளமும் தரமும்

லேப்டாப்பை டிவி மேசையிலேயே வைக்கப் போகிறீர்கள் என்றால் 2 மீட்டர் போதும். சோபாவில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அளவு நாடாவை எடுங்கள். வீவக வீட்டு ஹாலில் டிவிக்கும் சோபாவுக்கும் நேர்த்தூரம் 3 மீட்டர் இருந்தால், சுவரோரமாகச் சுற்றிவரும் கேபிளுக்கு 5 மீட்டர் ஆகிவிடும். நடுவே தரையில் இழுத்துப் போட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள். விழுபவரோடு லேப்டாப்பும் விழும்.

3 மீட்டர் வரை ஒழுங்கான கேபிள் எதுவும் 4கே 60 ஹெர்ட்ஸைத் தாங்கும். பெட்டியில் “பிரீமியம் ஹை ஸ்பீட்” என்ற முத்திரையும் ஸ்கேன் செய்யும் குறியீடும் இருந்தால் அது நொடிக்கு 18 கிகாபிட் வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது. “அல்ட்ரா ஹை ஸ்பீட்” 48 கிகாபிட். 4கே 120 ஹெர்ட்ஸில் விளையாடுபவர்களுக்குத் தேவை, மற்றவர்களுக்குத் தேவையில்லை. 5 மீட்டருக்கு முத்திரை உள்ளதையே வாங்குங்கள். 10 மீட்டருக்கு மேல் என்றால் ஒளியிழைக் கேபிள். அதன் ஒரு முனையில் “சோர்ஸ்”, மறுமுனையில் “டிஸ்பிளே” என்று எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் வேலை செய்யாது. தங்க முலாம் பூசியதால் படம் அழகாக வராது. இது டிஜிட்டல் சைகை: சரியாக வரும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாக மின்னும், அல்லது அற்றுப்போகும்.

சுவரோடு ஒட்டிப் பொருத்திய டிவியில் பின்பக்கத் துளைக்குக் கை போகாது. பக்கவாட்டுத் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், டிவியைக் கழற்றும் வாய்ப்பு கிடைக்கும்போது 30 சென்டிமீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்றை நிரந்தரமாக மாட்டி முனையை வெளியே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் டிவியின் துளை தேய்வதும் மிச்சம். எல் வடிவ அடாப்டர் வாங்கினால், மேல்நோக்கி வளைவதா கீழ்நோக்கி வளைவதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் தனித்தனியாக விற்கிறார்கள்.

மின் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை

ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் என்றால் மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் சிங்கப்பூரின் 230 வோல்ட் அதற்கு ஏற்றதே. மாறுவது பிளக் மட்டும்தான்: அங்கே உருண்டைக் கால், இங்கே மூன்று சதுரக் கால். எர்த் இணைப்பு இல்லாத மலிவு அடாப்டரைப் போட்டால், உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொடும்போது விரலில் மெல்லிய கிறுகிறுப்பு வரும். எச்டிஎம்ஐ கேபிளின் உறை வழியாக அது டிவிக்கும் போகும். சார்ஜர் செங்கல்லில் மூன்று இதழ் வடிவ வயர் கழற்றி மாட்டும்படி இருந்தால், அந்த வயரை மட்டும் இங்குள்ள பிளக்கோடு புதிதாக வாங்கிவிடுங்கள். சேஃப்டி மார்க் முத்திரை உள்ள பிளக்காக இருக்கட்டும். அடாப்டரே தேவைப்படாது.

இணைக்கும் வரிசை

1. டிவியைப் போடுங்கள். லேப்டாப்பையும் திறந்து உள்நுழைந்து வைத்திருங்கள்.

2. டிவியில் எந்த எச்டிஎம்ஐ துளையில் மாட்டுகிறீர்கள் என்று எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். “ஏஆர்சி” என்று எழுதியிருக்கும் துளை சவுண்ட்பாருக்கு வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டு வேறொன்றில் மாட்டுங்கள்.

3. கேபிளின் இரு முனையையும் கடைசி வரை அழுத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் படம் விட்டுவிட்டு வரும்.

4. ரிமோட்டில் “சோர்ஸ்” அல்லது “இன்புட்” பொத்தானை அழுத்தி அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். “படமே வரல” என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு படியில் தீர்ந்துவிடும்.

5. விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே பி (P) எழுத்தை அழுத்துங்கள். நான்கு தேர்வுகள் வரும்.

அந்த நான்கில் “டூப்ளிகேட்” இரண்டு திரையிலும் ஒன்றையே காட்டும். பாடம் நடத்த ஏற்றது. ஆனால் இரண்டு திரைக்கும் பொதுவான அளவுக்கு இறங்கிவிடுவதால் டிவியில் எழுத்து மங்கலாம், பக்கங்களில் கறுப்புப் பட்டையும் வரலாம். படம் பார்க்க “செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி” சிறந்தது. டிவி தன் முழு அளவில் இயங்கும். “எக்ஸ்டெண்ட்” டிவியை இரண்டாவது மேசையாக்கும். அதில் சன்னல்கள் எங்கே போயின என்று தெரியாமல் புதியவர்கள் திணறுவார்கள். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் சன்னல் அடுத்த திரைக்குத் தாவும்.

மேக்கில் மாட்டியவுடனே படம் வந்துவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் “டிஸ்பிளேஸ்” பகுதியில் டிவியைத் தேர்ந்தெடுத்து, ஒன்றையே காட்டுவதா நீட்டிப்பதா என்று முடிவு செய்யலாம்.

ஒலி லேப்டாப்பிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் விண்டோஸில் வலது கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி, ஒலி வெளிவரும் கருவிகளின் பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் சவுண்ட் அமைப்பில் “அவுட்புட்”. மேக்கிலிருந்து எச்டிஎம்ஐ வழியே போகும் ஒலியைக் கீபோர்டில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. டிவி ரிமோட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். இது பழுது இல்லை.

டிவிக்கு “இது கணினி” என்று சொல்வது

நோட்பேடைத் திறந்து சிறிய எழுத்தில் “கண்ணன், மன்னன், வண்ணம்” என்று தட்டுங்கள். சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் பிரித்தறிய முடிகிறதா? மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்கிறதா, எழுத்தோடு ஒட்டிவிட்டதா? சுழியும் புள்ளியும் நிறைந்த தமிழைவிட நல்ல சோதனை வேறில்லை. ஒட்டியிருந்தால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஓரம் வெட்டுப்படுவது: விண்டோஸின் கீழ்ப்பட்டை பாதி மறைந்திருந்தால் டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெளியே தள்ளுகிறது. பழைய ஒளிபரப்புகளின் ஓரத்தில் இருந்த கோளாறுகளை மறைக்க வந்த வழக்கம் இது, கணினிக்குக் கேடு. பெரிதாக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு கலப்பதால் நடுவிலுள்ள எழுத்தும் மங்குகிறது. பட அளவு அமைப்பில் சாம்சங்கில் “ஃபிட் டு ஸ்கிரீன்”, எல்ஜியில் “ஜஸ்ட் ஸ்கேன்” அல்லது “ஒரிஜினல்”, சோனியில் “டிஸ்பிளே ஏரியா”வை முழுப் பிக்சல் என்று வையுங்கள். லேப்டாப்பில் படத்தைச் சுருக்கிச் சரிசெய்யாதீர்கள். டிவியில்தான் சரிசெய்ய வேண்டும்.

நிறம் கசிவது: வீடியோக்களில் வெளிச்ச விவரம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக இருக்கும்; நிற விவரம் மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று சேமிக்கப்படும். முகத்திலும் வானத்திலும் இது தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்தால் பளிச்சென்று தெரியும். எழுத்தின் விளிம்பு கரைந்திருக்கும். இதைத் தடுக்க, சாம்சங்கிலும் எல்ஜியிலும் இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐயைத் திருத்தும் இடத்துக்குப் போய், கருவியின் வகையைப் “பிசி” என்று மாற்றுங்கள். பார்க்க வெறும் பெயர் மாற்றம்போல இருக்கும். ஆனால் அந்தப் பெயரை வைத்துத்தான் டிவி நிறத்தைக் குறைக்காமல் 4:4:4 முறையில் காட்டுகிறது. சோனியில் படப் பயன்முறையை “கிராஃபிக்ஸ்” அல்லது “கேம்” என்று வைக்க வேண்டும்.

விளிம்பில் வெள்ளை நிழல்: எழுத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரிந்தால் “ஷார்ப்னெஸ்” அதிகம். சாம்சங்கில் அதை 0க்குக் கொண்டுவாருங்கள். சோனியில் 50தான் நடுநிலை, 0 வைத்தால் மங்கிவிடும். மற்றவற்றில் வட்டம் மறையும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

30 ஹெர்ட்ஸ்: விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போனால் புதுப்பிப்பு வேகம் தெரியும். 60 தேர்வே இல்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்று. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 வகை, அதில் 4கேக்கு 30தான் உச்சம். அல்லது இடையிலுள்ள ஹப். அல்லது டிவியில் அந்தத் துளை குறைந்த வேகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது: சாம்சங்கில் “இன்புட் சிக்னல் பிளஸ்”, எல்ஜியில் “எச்டிஎம்ஐ டீப் கலர்”, சோனியில் “என்ஹான்ஸ்ட்” என்பதை இயக்குங்கள். லேப்டாப்பே பழையது என்றால் 1920 பெருக்கல் 1080, 60 ஹெர்ட்ஸ் என்று இறக்கிவையுங்கள். தள்ளாடும் 4கேயைவிடச் சீராக ஓடும் 1080 எவ்வளவோ மேல்.

எழுத்து சிறியதாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைக்கக் கூடாது. புதியவர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். அதே டிஸ்பிளே பக்கத்தில் “ஸ்கேல்” என்பதை 200 அல்லது 300 விழுக்காடாகக் கூட்டுங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மையும் குறையாது. இணையப் பக்கத்தை மட்டும் பெரிதாக்க கன்ட்ரோல் கீயுடன் கூட்டல் குறி.

வீடியோ அழைப்பு

ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியை ஹால் டிவியில் பார்ப்பது எல்லாருக்கும் பிடிக்கும். கேமரா லேப்டாப்பில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. லேப்டாப்பை டிவிக்கு நேர் கீழே, முகத்தைப் பார்த்தபடி வையுங்கள். ஓரத்தில் வைத்தால் நீங்கள் வேறெங்கோ பார்த்துப் பேசுவதாக அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுக்குத் தங்கள் குரலே திரும்பக் கேட்டால், டிவி ஒலியைத் தாமதமாக வெளியிடுகிறது என்று பொருள். அந்தத் தாமதம் கூடும்போது அழைப்புச் செயலியின் எதிரொலி நீக்கம் தோற்றுப்போகிறது. டிவியில் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் படத்தை டிவியிலும் ஒலியை லேப்டாப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வயர் இல்லாமல்

விண்டோஸ் கீயுடன் கே எழுத்தை அழுத்தினால் அருகிலுள்ள டிவிகள் பட்டியலாக வரும். சாம்சங், எல்ஜி டிவிகள் பலவற்றில் இது வேலை செய்யும். மேக்கிலிருந்து ஏர்பிளே உள்ள டிவிக்கு “ஸ்கிரீன் மிரரிங்”. குரோம் உலாவியின் “காஸ்ட்” கூகல் டிவிகளுக்கு. ஏர்பிளேக்கும் காஸ்டுக்கும் லேப்டாப்பும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் ஒன்று, வீட்டு வைஃபையில் ஒன்று என்றால் ஒன்றையொன்று காணாது. தங்குவிடுதி வைஃபைகளில் கருவிகளை ஒன்றுக்கொன்று மறைத்தே வைத்திருப்பார்கள். அங்கே கேபிள்தான் வழி. அலுவலக விபிஎன் ஓடினாலும் இணைப்பு அறுந்துபோகலாம்.

வீட்டிலும் ரௌட்டர் பாம் ஷெல்டருக்குள் இருந்தால் தடித்த கான்கிரீட் சுவர் அலையை விழுங்கிவிடும், வெளியே கொண்டுவாருங்கள். புகைப்படம் காட்ட வயரில்லா வழி போதும். படிக்கவும் விளையாடவும் கேபிளையே பயன்படுத்துங்கள். படத்தைச் சுருக்கி அனுப்புவதால் சுழிகளும் புள்ளிகளும்தான் முதலில் அடிபடும்.

இன்னும் வரவில்லையென்றால்

“நோ சிக்னல்” என்று வந்தால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பிறகு டிவியின் வேறு எச்டிஎம்ஐ துளை, பிறகு வேறு கேபிள் என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இணையும் கணத்தில் டிவி தன்னால் காட்டக்கூடிய அளவுகளை லேப்டாப்புக்குச் சொல்கிறது. அந்தப் பேச்சு தடைப்பட்டால் இரண்டும் நன்றாக இருந்தும் படம் வராது. டிவியின் மின்சுவிட்சையே அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் அது புதிதாகத் தொடங்கும். ரிமோட்டில் அணைப்பது வெறும் உறக்கநிலை, அது போதாது. விண்டோஸில் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரை ஒரு கணம் இருண்டு கிராஃபிக்ஸ் மீண்டும் தொடங்கும்.

மற்றதெல்லாம் வந்து, நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் மட்டும் ஒலி கேட்டுப் படம் கறுப்பாக இருந்தால், அது எச்டிசிபி என்ற நகல் தடுப்பு. இடையிலுள்ள அடாப்டர் அதை ஆதரிக்கவில்லை. சாதாரண யூஎஸ்பி துளையில் மாட்டும் எச்டிஎம்ஐ மாற்றிகளில் இது அடிக்கடி நடக்கும்.

மூடியை மூடினால் படம் போய்விடுகிறது என்றால், விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடும்போது “டூ நத்திங்” என்று வையுங்கள். மேக்கில் சார்ஜரும் வெளிக் கீபோர்டும் மவுஸும் இணைந்திருந்தால் மூடியபடியே ஓடும். மூடிய லேப்டாப்பை டிவி மேசையின் அடைத்த தட்டுக்குள் வைக்காதீர்கள். நம்மூர் வெப்பத்தில் காற்றில்லாமல் சூடேறி வேகம் குறையும்.

ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள் விண்டோஸின் கீழ்ப்பட்டை தானாக மறையும்படி அமைத்துவிடுங்கள். அசையாத குறிகள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் நாளடைவில் திரையில் தழும்பாகத் தங்கிவிடும். திரை அணையும் நேரத்தையும் 5 நிமிடமாகக் குறைத்துவையுங்கள்.